அழகும் அமானிதமும்

இலக்கியப் பத்திரிகையின் ஆசிரியருக்கு நூல், கவிதை, நாட்டு நடப்பு ஆகிய மூன்றின் மீதும் நாட்டம் உண்டு. மூன்றும் அவர் மேசைக்கே வந்து சேருகின்றன. மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்னும் வினா எடப்பாடியில் ஒரு மாலைப்பொழுதில் நம்மை வழிமறித்தது.

நம் மத்ரஸாவின் கையெழுத்து ஏட்டுக்கு நாமே ஆசிரியர். பகலில் விசைத்தறி ஓட்டி, மாலையில் நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் ஒரு கவிதை கொணர்ந்தார். வெளியூர் ஒன்றில் நடந்ததாகக் கைபேசியில் வந்த கொடுமைச் செய்தி அதன் பொருள். ஓசையும் உணர்வும் நெஞ்சை உருக்கின. மஃரிபுத் தொழுகைக்குப் பின் திண்ணையில் இருந்த பத்துப் பேருக்கு நாமே உரக்கப் படித்துக் காட்டினோம். கேட்டவருள் ஒருவர் அவ்வூராரை வாய்க்கு வந்தபடி ஏசினார். இரண்டு நாட்களில் தெரிந்தது: அப்படியொரு நிகழ்ச்சி நடக்கவேயில்லை.

“கவிதையில் பொய் இருந்தால் குற்றமா, ஹள்ரத்?” என்று மாணவர் கலங்கினார். வினா எளிதன்று. மிகப் பொய்யான கவியே மிக இனியது என்னும் பேச்சு அரபு இலக்கியவாணரிடையே பழமையானது. நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கும்போது, மணல்வெளியில் தமிழ்நாட்டு மருத வளத்தையே பாடி வைத்தார். அதைப் படித்து எவரும் ஏமாறவில்லை; எவர் மானமும் குறையவில்லை. கற்பனை என்று அறிந்தே சுவைக்கிறோம். மாணவரின் கவிதையோ ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, “இது நடந்தது” என்றது. அங்கே கவிதை சாட்சியாகிவிடுகிறது. சாட்சிக்கு அழகு போதாது, உண்மை வேண்டும்.

இவ்வேறுபாட்டை நன்கறிந்தவர் கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898). 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். நாவலைக் கதையென்றே தந்தார். செய்தியைச் செய்தியென்றே தந்தார். ஒரே பேனாவிலிருந்து இரண்டும் பிறந்தன. ஆனால் படிப்பவர் எதை எப்படி நம்புவது என்பதில் மயக்கம் இல்லை.

செய்தியை ஆராயும் கலை நமக்குப் புதிதுமன்று. தீயவன் ஒரு செய்தி கொணர்ந்தால் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேராதிருக்கவே அக்கட்டளை. இமாம் புகாரி (ரஹ்) ஆறு இலட்சம் அறிவிப்புகளிலிருந்து ஏழாயிரத்துச் சொச்சத்தைத் தேர்ந்தார் என்பர். திரும்ப வருவனவும் அதில் அடங்கும். வாசகம் இனிமையானது என்பதற்காக அவர் ஒன்றையும் ஏற்கவில்லை. சொன்னவர் யார், யாரிடம் கேட்டார் என்றே வினவினார். முப்பது ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வரும் நாம், திண்ணையில் அமர்ந்ததும் அதை மறந்தோமே!

ஆகவே குற்றம் மாணவருடையதன்று, நம்முடையது. எழுதுபவர் உணர்ச்சியில் இருப்பார். விசாரிக்க வேண்டியவர் ஆசிரியர். கவிதையின் மீது அவருக்குள்ள காதலே அவர் கண்ணை மறைக்குமானால், அந்தக் காதலும் ஒரு சோதனையே.

கேட்ட பத்துப் பேரையும் தேடிச் சென்று, “நாம் படித்தது பொய்” என்று சொல்ல முனைந்தோம். எழுவரைக் கண்டோம். மூவர் வழிப்போக்கர்; அன்றிரவே பேருந்தேறிப் போய்விட்டனர். அவர்கள் நெஞ்சில் அந்த ஊர் இன்னும் குற்றவாளியாகவே நிற்கும். அவர்களிடம் போன சொல்லுக்கு நாளை மறுமையில் என்ன பதில் சொல்வோம்?

மாணவர் இன்னும் கவிதை எழுதுகிறார். தாளை வாங்கியதும் நாம் கேட்கும் முதல் கேள்விதான் மாறியிருக்கிறது: “தம்பி, இது நீர் கண்ட கனவா, கேட்ட செய்தியா?” கனவென்றால் உடனே படித்து மகிழ்கிறோம். செய்தியென்றால் கவிதை காத்திருக்கிறது.