காணாத உயிரிடத்தும் கருணை

2017 செப்டம்பர் 15-ஆம் நாள் காசினி என்னும் விண்கலம் சனிக் கிரகத்தின் வாயு மண்டலத்துள் பாய்ந்து எரிந்து அழிந்தது. அது விபத்தன்று. 1997-இல் புறப்பட்டு, 2004-இல் சனியை அடைந்து, பதின்மூன்று ஆண்டுகள் அதனைச் சுற்றிவந்து அரிய செய்திகளை அனுப்பிய அக்கருவியை, அதனைப் படைத்தவர்களே திட்டமிட்டு அழித்தனர். எரிபொருள் தீரும் தறுவாயில் இருந்தது. தீர்ந்தபின் கலத்தைச் செலுத்த இயலாது. என்றேனும் ஒருநாள் அது சனியின் துணைக்கோள்களான டைட்டன் மீதோ என்செலடஸ் மீதோ மோதக்கூடும்.

என்செலடஸ் மிகச் சிறிய உலகம். குறுக்களவு ஏறத்தாழ 500 கிலோமீட்டரே. ஆயினும் அதன் பனி ஓட்டுக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதையும், தென்துருவப் பிளவுகளின் வழியே அந்நீர் ஆவியாகவும் பனித்துகளாகவும் விண்ணில் பீறிடுவதையும் காசினி வெளிப்படுத்திற்று. பீறிட்டவற்றில் கரிமச் சேர்மங்கள் இருந்தன, ஹைட்ரஜனும் இருந்தது. அக்கலம் அனுப்பிய தரவுகளை ஆராய்ந்ததில் பாஸ்பரஸும் உண்டென்பது 2023-இல் தெரியவந்தது. அங்கே உயிர் இருக்கிறது என்று எவரும் கூறவில்லை. இருக்கக்கூடும் என்பதே போதுமானதாயிற்று. புவியிலிருந்து ஒட்டிச் சென்ற நுண்ணுயிர் ஏதேனும் கலத்தில் எஞ்சியிருந்து அக்கடலில் கலந்துவிடலாகாது என்பதற்காகவே அம்முடிவு. வியாழனை ஆராய்ந்த கலிலியோ கலமும் யூரோப்பா என்னும் துணைக்கோளின் பொருட்டு 2003-இல் இவ்வாறே வியாழனுக்குள் செலுத்தப்பட்டது.

இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத உயிருக்கு மனிதன் கடமைப்பட்டவனா?

அன்றாடம் குடிநீரைக் கொதிக்க வைக்கையில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் மடிகின்றன. அதற்கு வருந்துவார் இல்லை. நூறு கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கிருமிக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம் தர்ம சாஸ்திரமும் இதனை எண்ணிப் பாராமல் விடவில்லை. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தின் வாயிலாகவும் இல்லறத்தான் உயிர்களை வதைக்க நேர்கிறது என்று மனு ஸ்மிருதி கணக்கிடுகிறது. அவற்றை விட்டுவிடுமாறு அது கூறவில்லை. அவையின்றி இல்லறம் நடவாது. ஆனால் அதற்குக் கழுவாயாக ஐந்து வேள்விகளை நாள்தோறும் இயற்றச் சொல்கிறது. தவிர்க்க இயலாத ஹிம்சைக்கே பரிகாரம் தேவையெனில், தவிர்க்கக்கூடியதற்கு என்ன சமாதானம் சொல்வது? பசி வேறு, அறியும் ஆவல் வேறு. அறிவு வேட்கை எவ்வளவு உயர்ந்ததாயினும், பசிக்குத் தரப்படும் சலுகையை அது கோர இயலாது.

அஹிம்சை முதலிய யமங்கள் பிறப்பு, இடம், காலம், சூழல் என்னும் வரையறைகளைக் கடக்கும்போதுதான் மகா விரதமாகின்றன என்பது பதஞ்சலி முனிவரின் கொள்கை. அதற்கு உரை கண்ட வியாசர், புண்ணிய தீர்த்தத்தில் மட்டும் கொல்லேன் என்று உறுதி பூண்டவனை உதாரணம் காட்டுகிறார். அவன் விரதம் இடத்தால் குறுகிய விரதம். புவியில் மட்டும் அஹிம்சை என்பானுடைய விரதமும் அத்தகையதே. தீர்த்தத்தின் எல்லை சற்று விரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விஞ்ஞானிகள் கருணையினால் மட்டுமே இவ்வாறு செய்தனர் என்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. புவியின் கிருமி அங்கே பரவிவிட்டால், பின்னாளில் அங்கு காணப்படும் உயிர் அவ்வுலகினுடையதா நம்முடையதா என்று பிரித்தறிய முடியாது போகும், ஆராய்ச்சியே பாழாகும். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையும் பிற கோள்களைத் தீங்கு விளையுமாறு மாசுபடுத்தலாகாது என்றே கூறுகிறது. அஹிம்சை என்னும் சொல் அதில் இல்லை. மேலும், இறுதி மாதங்களில் சனிக்கும் அதன் வளையங்களுக்கும் இடையே காசினி 22 முறை சுற்றிவந்து புதிய செய்திகளையும் ஈட்டித் தந்தது. தன்னலம் கலந்திருந்தது உண்மை. ஆயினும் கலந்திருந்த மற்றொன்றையும் காண மறுப்பது நேர்மையாகாது.

கடினமான சோதனை இனிமேல்தான் வரவிருக்கிறது. இயந்திரத்தைச் சூடேற்றித் தூய்மை செய்யலாம். 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களை அவ்வாறே செய்து அனுப்பினர். மனிதனை அவ்வாறு செய்ய இயலாது. அவன் குடலிலும் தோலிலும் மூச்சிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் உடன் செல்கின்றன. செவ்வாயின் மண்ணுக்கடியில் உயிர் உண்டா என்பதை அறிந்தபின் அவன் செல்வதா, சென்றபின் அறிந்துகொள்வதா? சென்றுவிட்டால் அந்தக் கேள்வியைத் திரும்பவும் முதலிலிருந்து கேட்க வாய்ப்பிராது.