தெரிந்த குரல்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. சுற்றிலும் சிமென்ட் பூசிய செங்கல் சுவர், தரையில் கிரானைட், மேலே கான்கிரீட். எந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தாலும் இந்த அறையும் கூடச் சேர்ந்து பாடும். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. பன்னிரண்டடி இடைவெளியில் 47 ஹெர்ட்ஸ் பக்கமும், பத்தடி இடைவெளியில் 57 பக்கமும் அலை சுவருக்குச் சுவர் மோதி, நகராமல் நின்றுவிடும். அந்த ஸ்வரங்கள் மட்டும் வீங்கிக் கேட்கும். நாற்காலியை அறையின் நட்டநடுவில் போட்டாலோ அதே ஸ்வரங்கள் காணாமல் போகும். இருபதாயிரம் ரூபாய் ஜோடிக்கும் இருபது லட்ச ரூபாய் ஜோடிக்கும் கணக்கு ஒன்றுதான். ஆளுயரப் பெட்டி வேண்டும் என்ற ஆசை இதைத் தாளில் போட்டுப் பார்த்ததும் பாதி இறங்கிவிடுகிறது. மீதிப் பாதி இருக்கிறது, பொய் சொல்வானேன்.

*

சின்னப் பெட்டிகளில் பி.பி.சி.யின் எல்.எஸ்.3/5ஏ பக்கம் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. 1970களின் தொடக்கத்தில், வெளியூர் ஒலிபரப்புக்குப் போகும் வண்டிக்குள் நெருக்கிக்கொண்டு வேலை பார்க்கும் பொறியாளர்களுக்காகச் செய்தது. உயரம் ஓரடி, அகலம் ஏழரை அங்குலம். கெஃப் கம்பெனியின் வூஃபரும் ட்வீட்டரும். மெல்லிய பிளைவுட், உள்பக்கம் அதிர்வை விழுங்கத் தார் அட்டை. அடி ஸ்தாயி இவ்வளவு சிறிய பெட்டியில் அடங்காது. அதை ஈடுகட்ட, சற்று மேலே உள்ள பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறார்கள். காது ஏமாறுகிறது, சந்தோஷமாகவே.

பி.பி.சி.யில் ஸ்பீக்கர்களைச் சரிபார்த்த விதம்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஸ்டூடியோவில் ஒருவரைப் பேச வைத்து, அந்தப் பேச்சைப் பக்கத்து அறை ஸ்பீக்கரில் கேட்பது. எழுந்து போய் ஆளின் எதிரே நின்று கேட்பது. திரும்ப வந்து ஸ்பீக்கரில் கேட்பது. இசைக்குழு எல்லாம் பிறகு. அட்டைப் பெட்டிக்குள் பேசுவது போன்ற கம்மல், மூக்கடைப்பு, மார்பில் கூடுதல் கனம் எதுவானாலும் பேச்சில் உடனே பிடிபட்டுவிடும். பிறந்ததிலிருந்து நாம் வேறெதையும் இவ்வளவு கேட்டதில்லை.

(பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கிய கம்பெனிகள் ஸ்பெண்டாரும் ஹார்பெத்தும். இரண்டு பெயரிலும் பின்பாதி மனைவியுடையது. வரவேற்பறையில் பெட்டி வைக்க அனுமதி வாங்க அதுவும் ஒரு வழி.)

*

ஆகாசவாணியில் சரோஜ் நாராயண்சுவாமி செய்தி வாசித்துக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல சோதனைப் பதிவு கிடைக்காது. சொல்லின் முதல் எழுத்தில் வரும் அழுத்தம், மூச்சு வாங்கும் இடம், இரண்டும் நமக்கு மனப்பாடம். ‘ஸ’, ‘ஷ’ வரும்போது மட்டும் குரல் வாயை விட்டு இரண்டு விரற்கடை மேலே போய்விட்டதுபோல் கேட்டால், ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர், அடி ஸ்தாயி வூஃபரையும் மேல் ஸ்தாயி ட்வீட்டரையும் சரியாகத் தைக்கவில்லை.

*

கடையில் கேட்பது தனிச் சங்கடம். எல்.எஸ்.3/5ஏ-இன் உணர்திறன் 83 டெசிபலைத் தாண்டாது. பக்கத்திலேயே 89 டெசிபல் பெட்டி நிற்கும். வால்யூமைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினால், பின்னது ஆம்ப்ளிஃபையருக்கு நான்கு மடங்கு பவர் கொடுத்த மாதிரி பாடும். ஒரே ஒரு டெசிபல் கூடினாலே ‘இதுதான் தெளிவு’ என்று காது தீர்ப்பு எழுதிவிடும் என்றால், ஆறு டெசிபலுக்குக் கேட்கவே வேண்டாம். போனில் ஒலி அளக்கும் செயலி இருக்கிறது. அதை வைத்து இரண்டையும் சமப்படுத்தித் தரச் சொன்னால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிதான் பார்ப்பார். பார்க்கட்டும்.

*

கண்ணைப் பற்றி. கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் பல ஆண்டுகள் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து ஆட்களைக் கேட்க வைத்தார். பார்க்க முடியாதபோது, ரசனை வேறுபட்ட மனிதர்களும் பெரும்பாலும் ஒரே பெட்டிகளைத்தான் நல்லது என்றார்கள். மேடுபள்ளம் இல்லாமல் சமமாக ஒலிப்பவை அவை. பிறகு ஹார்மன் கம்பெனியில், ஷான் ஆலிவோடு சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்களுக்குத் திரையோடும் திரையில்லாமலும் போட்டுக் காட்டினார்கள். மதிப்பெண்கள் மாறின. சின்ன, மலிவான பெட்டிகள் கண்ணில் பட்டதும் கீழே இறங்கின. அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. பெட்டியை இடம் மாற்றி வைத்தாலும், வேறு பாட்டைப் போட்டாலும், கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த வித்தியாசங்களைக் குறைவாகவே கவனித்தார்கள். பெயர்ப்பலகையைப் படித்ததும் காது வேலையை நிறுத்திவிடுகிறது.

*

இசையில் சோதிக்கத் தம்புராவும் மிருதங்கமும் போதும். தம்புராவில் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தினால் தந்தி மலரும், இன்னும் நகர்த்தினால் மூடிக்கொள்ளும். அந்த நூல் எங்கே நிற்கிறது என்று ஸ்பீக்கரில் தெரிய வேண்டும். வெறும் ரீங்காரம் வந்தால் அந்த ஜோடி எனக்கு வேண்டாம்.

மிருதங்கம் தோல்கருவிகளில் விசேஷம். மற்ற பெரும்பாலான தோல்களின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறும். வலந்தலையில் அப்பிய கரணையால் இதன் மேற்சுரங்கள் சுருதியோடு இசைந்து நிற்கின்றன. சி.வி. ராமன் 1920இலேயே இதை நேச்சர் இதழில் எழுதினார். ஆக, சாப்பு விழுந்ததும் அதில் சுருதி கேட்க வேண்டும். ‘டப்’ என்று மட்டும் கேட்டால் நடு ஸ்தாயியில் எங்கோ கோளாறு. இடப்பக்கத் தொப்பியின் அடி இழுத்துக்கொண்டே போனால் பழியில் பாதி அறைக்கு. பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துவிட்டு இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

*

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ள: எல்.எஸ்.3/5ஏ-ஐ முன்துணி மாட்டிய நிலையிலேயே வடிவமைத்தார்கள். ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் ஒட்டியிருக்கிறது. துணியும் அந்த ஃபெல்ட்டும் சேர்ந்தே அதன் ஒலி. வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததும் கோன் தெரியட்டும் என்று கடைகளில் துணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். முதலில் அதை மாட்டச் சொல்ல வேண்டும்.