காவலில்லாப் பெட்டி

2000-ஆம் ஆண்டு மே 3-ந் தேதி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டிலே வாளியொன்றைப் பாதி புதைத்து, செயற்கைக்கோள் காட்டிய இடக்குறிப்பை உலகிற்கு அறிவித்தார். தேடிக் காண்பவர் ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவேண்டும். ஜியோகாஷிங் என்னும் விளையாட்டு இப்படிப் பிறந்தது.

யாரும் பாராத காட்டில் நல்ல பொருளை எடுத்து உடைந்த பொம்மையை வைத்தால், அது திருட்டாகுமா? பெட்டி முறையிடாதுதான். ஆனால், பின்னால் மலையேறி வரும் அயலானின் மகிழ்ச்சியையன்றோ நீர் எடுத்துக்கொண்டீர்!

அதே மாநிலத்தில், 594 மீட்டர் ஆழமுள்ள கிரேட்டர் ஏரியைப் பாரும். ஆறு எதுவும் அதில் பாய்வதில்லை; அதிலிருந்து புறப்படுவதுமில்லை. மழையாலும் பனியாலும் பெற்றதை ஆவியாகவும் கசிவாகவும் திருப்பித் தருகிறது. ஆகையால் மட்டம் அதிகம் மாறுவதில்லை. ஏரிக்கு அது இயற்கை. நமக்கோ அது மனச்சாட்சியின் கடமை.