எத்தனை பேர், எந்த ஊர்

நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து பெண்கள் எழுதும் இணையதளம் ஒன்றை நடத்துகிறோம். தன் கருக்கலைப்பு அனுபவத்தை அதில் எழுதிய ஒரு பெண், "எத்தனை பேர் படிச்சாங்க அக்கா?" என்று கேட்டார். "சுமாராத்தான்மா போச்சு. இந்த மாதிரி விஷயத்தை யார் படிக்கிறாங்க?" என்றேன். அன்றிரவு கணக்கைத் திறந்து பார்த்தேன். அந்த மாதம் அதிகம் படிக்கப்பட்டது அவருடைய கட்டுரைதான்.

நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. எண்ணிக்கை என் கையில் மட்டும் இருந்ததால் என் அனுமானமே உண்மையாகிவிட்டது. பெண்களின் எழுத்தைக் காலங்காலமாக ஒதுக்கிவைத்த அதே கேள்வி என் வாயிலிருந்தும் வந்தது. பல அலுவலகங்களில் சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்பார்கள். அந்த ரகசியத்தால் லாபமடைவது குறைவாக வாங்குபவள் அல்ல. வாசகர் கணக்கும் அப்படித்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடலாமா? அதே கணக்கு, வாசகர் எந்த ஊர், எத்தனை மணிக்கு வந்தார் என்பதையும் காட்டுகிறது. ஒரு சிற்றூரிலிருந்து இரண்டே பேர், நள்ளிரவுக்குப் பின். பெயர் இல்லை. ஊர் விவரம்கூடத் துல்லியமானதல்ல. ஆனால் மனைவியின் கைபேசியைச் சோதிக்கும் கணவனுக்குச் சந்தேகப்பட அதுவே போதும்.

விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை ஒரு நாளில் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதை யாரும் பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அந்தக் கணக்கு உண்டு. எந்த நாட்டில் எந்தக் கட்டுரை படிக்கப்படுகிறது என்ற தரவை 2023இல் வெளியிட்டபோது, எண்களில் வேண்டுமென்றே சிறு பிசகு கலந்தார்கள். மிகக் குறைந்த எண்களை விட்டுவிட்டார்கள். தனி ஒருவரை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக.

இந்தக் கோடு எனக்குச் சரியாகப் படுகிறது. எத்தனை பேர் படித்தார்கள் என்பது எழுதியவளுக்கும் தெரிய வேண்டும், ஊருக்கும் தெரியலாம். யார் படித்தார் என்பது படித்தவளுக்கு மட்டுமே சொந்தம். இப்போது ஒவ்வொரு கட்டுரையின் கீழும் மொத்த எண்ணிக்கையைப் போடுகிறோம். ஊரையும் நேரத்தையும் சேகரிப்பதையே நிறுத்திவிட்டோம்.

அந்தப் பெண்ணை அழைத்து மன்னிப்புக் கேட்டு எண்ணைச் சொன்னேன். "அத்தனை பேரா?" என்றார். சற்று நேரம் கழித்து, "எங்க ஊர்ல யாராவது படிச்சாங்களா அக்கா?" என்று கேட்டார்.

"அதை மட்டும் கேட்காதேம்மா" என்றேன்.