வழிப்போக்கனின் உரிமை

ஓர் அறச்சாலை எப்பணிக்காக எழுப்பப்பட்டதோ, அப்பணி ஓய்ந்துவிட்டதென்று உலகம் கருதும் நாளில் அக்கட்டடத்தை என்ன செய்வது? தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் வழியில் ஒரத்தநாட்டைக் கடக்கும்போதெல்லாம் இவ்வினா உள்ளத்தில் எழுகின்றது.

அங்கே நிற்பது முக்தாம்பாள் சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக நிறுவியது. நாகூரின் உயர்ந்த மனாராவை எழுப்பிய பிரதாப சிங்கின் வழிவந்த அரசமரபு அது. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழி நெடுகிலும், இராசாமடம், மீமிசல் எனப் பல ஊர்களில் அம்மரபினர் சத்திரங்களை அமைத்தனர். சேதுபாவாசத்திரம் இன்று ஓர் ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது. சாதி பாராது யாவர்க்கும் சோறு, நோயுற்றோர்க்கு மருந்து, வழியில் இறந்தோர்க்கு அவரவர் முறைப்படி நல்லடக்கம். இவையே சத்திரத்தின் பணிகள் என்று 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சரபோஜி விளக்குகிறார்.

பின்னர்ப் புகைவண்டி வந்தது. 1914-இல் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. கால்நடையாகச் சென்ற யாத்திரிகர் குறைந்தனர். காசு கொடுத்து உண்ணும் ஓட்டல்கள் பெருகின. ஒரத்தநாட்டுச் சத்திரம் மாணவர் விடுதியாயிற்று. காலப்போக்கில் சிதைவும் கண்டது.

சத்திரத்தில் மாணவரைத் தங்கவைத்தது முறையா? முறையே என்பது நம் கருத்து. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து அதன் பலனைத் தருமம் செய்யலாம் என்பதே கிடைத்த வழிகாட்டுதல். விற்கலாகாது, வாரிசுரிமையாகலாகாது என்று நிபந்தனையிட்ட உமர் (ரலி) அவர்கள், பலனுக்கு உரியவர்களாக ஏழைகளோடு வழிப்போக்கரையும் விருந்தினரையும் குறித்தார்கள். எனவே வக்ஃபின் உயிர் சுவரில் இல்லை. பலன் யாரைச் சென்றடைகிறது என்பதில் இருக்கிறது. கல்வி தேடி வீட்டைப் பிரிந்து வந்த ஏழைச் சிறுவனும் வழிப்போக்கனே அன்றோ!

ஆனால் இந்த நியாயத்திற்கு ஓர் எல்லை உண்டு. "இக்காலத்தில் வழிப்போக்கர் யார் வருகிறார்கள்?" என்று கேட்டுக்கொண்டே முஸாபர்கானாக்களைக் கடைகளாக்கி வாடகை எண்ணுவோர் நம்மிடையேயும் உளர். அவர்கள் ஒருமுறை பெரிய மருத்துவமனைகளின் வாயிலுக்குச் சென்று பார்க்கட்டும். நோயாளியை உள்ளே சேர்த்துவிட்டு, வெளியில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர் யார்? நாற்று நடவும் அறுவடைக்கும் ஊர்விட்டு ஊர் வந்து, இரவில் கடைத் திண்ணை தேடுபவர் யார்? வழிப்போக்கன் மறைந்துவிடவில்லை, அவன் நடக்கும் வழிதான் மாறியிருக்கிறது.

திருமறை ஜகாத்துக்கு உரிய எட்டுப் பிரிவினருள் வழிப்போக்கனையும் வைத்திருக்கிறது. அவனுக்கு நாம் கொடுப்பது தயவன்று, அவனது உரிமை. ஆதலால் பழைய அறச்சாலையின் சாவி நம் கையில் வரும்போது, முதலில் கேட்க வேண்டியது "இக்கட்டடம் என்ன வாடகை தரும்?" என்பதன்று, "இதற்கு உரியவன் இப்போது எங்கே படுத்திருக்கிறான்?" என்பதே. தருமம் செய்தவர் மண்ணறைக்குச் சென்றபின்னும் நன்மை அவரைத் தொடர்கிறது என்று நம்புகிறோம். அந்த நன்மையின் வாயிலை அடைத்த பழி நம்மைச் சேராதிருக்கட்டும்.