தீங்கு செய்யாதவன் நல்லவனா?



"நல்லவன் யார்?" என்று உங்கள் வீட்டில் வளரும் பிள்ளையை ஒருநாள் கேட்டுப் பாருங்கள். "யாருக்கும் தீங்கு செய்யாதவன்; தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவன்" என்று விடை வரக்கூடும். இது நம் ஊர்ப் பிள்ளைகளின் எண்ணம் மட்டுமன்று. அமெரிக்காவில் 2002, 2003ஆம் ஆண்டுகளில் 13 முதல் 17 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை விசாரித்தார் கிறிஸ்டியன் ஸ்மித் என்னும் சமூகவியல் அறிஞர். பிறரிடம் இனிமையாக நடந்துகொண்டு, தானும் மகிழ்ச்சியாய் இருந்தால் போதும் என்று அவர்களில் பலர் கருதுவதாக 2005இல் எழுதினார்.

இந்த விடையை இகழ வேண்டாம். சாதியையும் வறுமையையும் சொல்லிப் பிறரை ஏளனம் செய்யக் கூசும் பிள்ளை, பெரியவர் சிலரைவிட மேலானவன். ஆனால் இது முதற்படிதான்.

நல்ல சமாரியன் உவமையைச் சிந்தியுங்கள். குருவும் லேவியனும் குற்றுயிராய்க் கிடந்தவனை அடிக்கவில்லை, கொள்ளையிடவுமில்லை. விலகிப் போனார்கள், அவ்வளவே. தீங்கு செய்யாதவனே நல்லவன் என்றால், அவர்களும் நல்லவர்களல்லவா?

நம் திருத்தங்கலைப் பற்றிய கதை ஒன்று சிலப்பதிகாரத்தில் உண்டு. பராசரன் என்பவன் இவ்வூரில் வேதம் ஓதிய ஒரு சிறுவனுக்கு அணிகலன்களைப் பரிசளித்தான். அவற்றைக் கண்ட அரச ஊழியர், புதையலைக் கவர்ந்தானென்று சிறுவனின் தந்தை வார்த்திகனைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி அழுது புரண்டாள். ஐயை கோயிலின் கதவு திறவாமல் நின்றது. பாண்டியன் விசாரித்து உண்மையை அறிந்தான். அறியாத ஊழியரால் நேர்ந்ததாயினும், அதைத் தன் ஆட்சியின் பிழையாகவே ஏற்றான். வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, ஊர்களைக் கொடுத்து, நிலத்தில் விழுந்து வணங்கினான். கதவும் திறந்தது. "நானா செய்தேன்?" என்று அவன் கேட்கவில்லை.

இனி நம் தெருவுக்கு வருவோம். கூடப் படித்த 15 வயதுப் பையன் பள்ளியை விட்டுப் பட்டாசு வேலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிரம்பாதவரை வெடிபொருள் வேலையில் அமர்த்தலாகாது என்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். அவனுடைய தோழன் இதை அறிந்தும் வாளாவிருந்தால், யாருக்கும் தீங்கு செய்யாதவனே. ஆனால் அவன் வீடுவரை போய் விசாரிக்கலாம், ஆசிரியரிடம் சொல்லலாம், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். நண்பன் கோபித்துக்கொள்ளலாம், அந்த வீட்டின் ஒருநாள் கூலியும் குறையலாம். ஆகையால் உதவுகிறவன் அவ்வீட்டுக் கஷ்டத்தையும் கேட்டறிந்து, பெரியவர்களைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

அப்படித் துணை கேட்டுப் பிள்ளை நம்மிடம் வரும்போது நாம் சொல்வதென்ன? "உனக்கேன் வீண் வம்பு? படிக்கிற வேலையைப் பார்." தானுண்டு தன் வேலையுண்டு என்னும் பாடத்தை அவனுக்குக் கற்பித்தவர் வேறு யாருமல்லர். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் பாவம் என்று ஞானோபதேசத்தில் படிக்கிற பிள்ளைக்கு, வீட்டில் வேறு பாடம் நடக்கலாகாது.

பெற்றோர்களே, அடுத்தமுறை பிள்ளை பிறர் துன்பத்தைச் சொல்லிக்கொண்டு வந்தால், அதட்டாமல் கேளுங்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு புறப்படுங்கள்.