காண்பாரில்லா இடத்தில் அறம்

பிறர் காணும்போது நேர்மையாக நடத்தல் அரிய செயலன்று. சட்டத்திற்கு அஞ்சியும் பழிக்கு நாணியும் அவ்வாறு நடப்போர் பலர். காண்பாரும் கேட்பாரும் இல்லாத இடத்தில் ஒருவன் என்ன செய்கிறான் என்பதே அவனது ஒழுக்கத்தை அளக்கும் கோலாகும். இதனை ஆராய்தற்கு, இக்காலத்தில் பல நாடுகளிலும் பரவியுள்ள ஒரு விளையாட்டு நமக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

ஜியோகேச்சிங் என்பது அதன் பெயர். ஒருவர் மறைத்துவைத்த பெட்டியை, அவர் அறிவித்த இடக்குறிப்பைக்கொண்டு மற்றவர் தேடிக் காண்பதே அவ்விளையாட்டு. செயற்கைக் கோள்களின் துணையால் நாம் நிற்கும் இடத்தை அறிவிக்கும் ஜி.பி.எஸ். முறை, முதலில் அமெரிக்கப் படைக்கென அமைந்தது. பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தமையால், இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அவ்வரசு அப்பிழையை நீக்கிற்று. மறுநாளே டேவ் அல்மர் என்பார், ஓரிகன் மாநிலத்துப் பீவர்கிரீக் என்னும் ஊரருகே, சாலையோரக் காட்டில் ஒரு வாளியை வைத்து, அதன் இடத்தை இணையத்தின் வழியே அறிவித்தார். சில நாட்களுக்குள் அதனைக் கண்டெடுத்தனர். அதே மாதம் 11-ஆம் நாள், கான்சாஸ் மாநிலத்தில் மிங்கோ என்னும் சிற்றிடத்தின் பெயரால் வைக்கப்பட்ட பெட்டியே இன்றும் நிலைத்திருப்பவற்றுள் மிகப் பழையது.

பெட்டிக்குக் காவலில்லை. உள்ளே இருப்பது ஒரு குறிப்பேடும், பொம்மை முதலிய சில்லறைப் பொருள்களுமே. வந்தவர் தம் பெயரையும் நாளையும் எழுதுவர். ஏதேனும் எடுத்தால், அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைத்து, பெட்டியை முன்னிருந்தவாறே மறைத்துச் செல்லல் வேண்டும்.

"காலணாப் பெறாத பொருளை எடுத்தால் என்ன குற்றம்?" எனச் சிலர் வினவலாம். வைத்தவர் அதனை ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். நிபந்தனையைத் தள்ளிவிட்டுப் பொருளை மட்டும் கொண்டால், அது கொடுக்கப்படாததை எடுத்தலே ஆகும். நாம் ஏற்றுள்ள இரண்டாம் சீலம் விலையைக் கேட்பதில்லை. கொடுக்கப்பட்டதா என்றே கேட்கிறது.

அடுத்து வருவோரையும் எண்ணுங்கள். நல்ல பொருளை எடுத்து, அதனினும் சற்றுத் தாழ்ந்ததை வைக்கிறார் ஒருவர். அவருக்குப் பின் வந்தவரும் அவ்வாறே செய்கிறார். நாளடைவில் பெட்டியில் குப்பையே எஞ்சுகின்றது. ஒருவரும் தம்மைத் திருடர் எனக் கருதவில்லை. ஆயினும் பெட்டி வறிதாயிற்று. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மண்சாலையில் நெடுந்தூரம் வந்த தாய்க்கு அக்குப்பையே கிட்டும். பொதுச் சொத்துக்கள் பலவும் அழிவது இவ்வழியிலேதான் அல்லவா?

இன்னும் ஒரு கடன் உண்டு. அது அவ்விடத்து மக்களுக்கு உரியது. ஆளரவமற்ற சாலைகளையும் பாழ்பட்ட ஊர்களையும் பெட்டி வைப்போர் பெரிதும் விரும்புவர். ஓரிகனிலேயே ஷானிகோ என்றோர் ஊர் உண்டு. 1900-இல் இருப்புப்பாதை வந்தபின் ஆட்டுரோம வாணிகத்தால் அது செழித்தது. 1911-இல் பென்ட் நகருக்கு வேறு வழியாக இருப்புப்பாதை சென்றது. வாணிகமும் அவ்வழியே சென்றது. 2010-ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கிருந்தோர் 36 பேர். அத்தகைய ஊர்களைப் பேயூர் என அந்நாட்டார் அழைப்பர். ஆனால் அந்த 36 பேருக்கு அது பேயூரோ? அன்று, வீடு.

இவ்வேறுபாட்டைக் கோலார் தங்கவயலார் நன்கறிவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ரயிலேறி, இரவில் திரும்பும் தொழிலாளர் எத்தனையோ பேர்! அவர்தம் தெருவை ஒருவன் வேடிக்கை பார்த்து, "செத்த ஊர்" என எழுதிச் சென்றால் அவர் நெஞ்சம் என்ன பாடுபடும்? ஆகவே, நில உரிமையாளரின் இசைவின்றிப் பெட்டி வைத்தலாகாது, மண்ணைத் தோண்டலாகாது என்னும் விதிகள் வெறும் விளையாட்டு விதிகளல்ல. அங்கே வாழ்வோர்க்கும் வாழ்ந்து மறைந்தோர்க்கும் செய்யும் மரியாதை அவை.

வைத்தவர், இனி வருபவர், அவ்விடத்தில் வாழ்பவர் ஆகிய மூவரும் நம் கண்முன் இல்லை. அவர்களால் நம்மைத் தடுக்கவோ தண்டிக்கவோ இயலாது. அதனாலேயே அவர்களுக்கு நாம் செய்யும் கடன் தூயதாகின்றது. ரயிலில் காலியாக விட்டுச் செல்லும் இருக்கை, பொது நூலகத்திலிருந்து கொண்டுவந்த நூல், வழிப்போக்கர்க்கென வைத்த தண்ணீர்ப் பானை ஆகியவையும் அத்தகைய பெட்டிகளே. நாம் கண்டதினும் சிறிது நன்றாக அவற்றை விட்டுச் செல்வோமாக!